சிரித்ததில் விட்டுப்போனது

8-2-1965, திங்கள்

8.47 லோக்கல் ரயிலில் இன்றும் நின்றுகொண்டேதான் போனேன். தினமும் கூட வரும் சிநேகிதன் பஞ்சு பேப்பரை மடித்து என் மார்பின்மேல் வைத்துக்கொண்டு மெட்ராஸ் செய்திகளை வாசித்தான். ஹிந்தி எதிர்ப்பு, துப்பாக்கிச் சூடு, கல்லூரிகள் மூடல். எனக்கு எந்தப் பக்கம் சேருவது என்றே தெரியவில்லை. என் வீட்டிலேயே என் மனைவி ஷ்யாமளா அடுத்த மாதம் ஹிந்திப் பரீட்சை எழுதப்போகிறாள். குழம்பு கொதிக்கும்போது வினைச்சொற்களை உருப்போடுகிறாள். அவளைப் போய்த் தடுக்கவா முடியும்? மாதுங்காவில் பாதிப் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

பதினோரு மணிக்கு சூப்பரின்டெண்ட் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே கானோல்கர் சாகேப் என்று வேறு இலாகா அதிகாரி ஒருவர் என் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். மராத்தி, குஜராத்தி, உருது மேடைப் பேச்சுகளைப் போலீஸுக்காகக் குறிப்பெடுக்க அவரிடம் ஆள் உண்டாம். தமிழுக்கு இல்லை. நான் கும்பகோணத்தில் தமிழ்ச் சுருக்கெழுத்தில் ஹையர் கிரேடு தேறியது பதிமூன்று வருஷம் கழித்து ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஞாயிறு மாலை தாராவியில் ஒரு பொதுக்கூட்டம். உட்கார்ந்து எழுத வேண்டும். "அவன் சொன்னதை எழுதுங்கள். நீங்கள் நினைப்பதை எழுத வேண்டாம்" என்றார் இங்கிலீஷில்.

பெருமையாக இருந்தது. இந்த நோட்டில்கூட அதை மறைப்பானேன்.

14-2-1965, ஞாயிறு

கூட்டம் முடிந்து எட்டு மணிக்கு வந்தேன். குளித்துச் சாப்பிட்டாயிற்று.

பதினோரு வருஷமாக மாதுங்காவில் இருக்கிறேன். நடக்கிற தூரத்தில் இருக்கும் தாராவிக்கு இன்றுதான் போனேன். திருட்டுத்தனமாக ஒரு மூலையில் நின்று எழுத வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அவர்களோ மேடைக்குக் கீழே எனக்கென்று மேஜை, நாற்காலி, ஒரு கோலி சோடா எல்லாம் வைத்திருந்தார்கள். எழுத வருகிற ஆளுக்கு இதெல்லாம் செய்வது அங்கே வழக்கமாம். பேச்சாளர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, "நம்ம பேச்சைச் சர்க்காருக்கு எடுத்துட்டுப்போற ஐயாவுக்கும் வணக்கம்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேறு வழியில்லாமல் கும்பிட்டேன்.

பேச்சாளர் பெயர் நம்பிராஜன். திருநெல்வேலிப் பக்கம். லேத் பட்டறையில் வேலையாம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், ஆனால் என்ன தொண்டை! ஹிந்தித் திணிப்பில் ஆரம்பித்து, தாராவிக்குத் தண்ணீர்க்குழாய் கேட்டு எழுதிப்போட்ட ஏழு மனுக்களில் வந்து நின்றார். நடுவில், மாதுங்காவில் இருக்கிற நம் ஆட்கள் டில்லியில் ஒருத்தன் தும்மினால் இங்கிருந்து 'ஜீ' என்பார்கள் என்று ஒரு போடு போட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதையும் எழுதினேன்.

சுருக்கெழுத்துக்காரன் மேடையைப் பார்க்கக் கூடாது. கண் நோட்டில், காது மட்டும் மேடையில். தலையைத் தூக்கினால் பத்துச் சொல் போச்சு. நிமிஷத்துக்கு நூற்றைம்பது சொல் பேசுகிற ஆளை நாற்பத்திரண்டு நிமிஷம் எழுதியிருக்கிறேன். ஒரு சொல் விடவில்லை.

16-2-1965, செவ்வாய்

தமிழ்ப் பிரதி, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இரண்டையும் கொடுத்தேன். கடைசியில் ஒரு சர்ட்டிபிகேட்: இது முழுமையான, சரியான பதிவு என்று உறுதி கூறுகிறேன். கீழே என் கையெழுத்து. கானோல்கர் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான பிரதியை இந்த வருஷம் பார்க்கவில்லை என்றார்.

27-2-1965, சனி

பேப்பரில் நாலு வரி: தாராவிப் பேச்சாளர் நம்பிராஜன் நாட்டுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைது.

1-3-1965, திங்கள்

கானோல்கர் கூப்பிட்டார். என் மொழிபெயர்ப்பில் மூன்று வாக்கியத்துக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு.

'கொளுத்து. ஒண்ணு விடாமல் கொளுத்து. பயம் வந்தால்தான் பேச்சு நிற்கும்.'

கூட்டம் நடந்த நாலாம் நாள் தாராவியில் ஒரு ஹிந்திப் பெயர்ப்பலகையும் அதை ஒட்டியிருந்த மரப்பெட்டிக் கடையும் எரிந்துபோயின. யார் வைத்த தீ என்று தெரியவில்லை. ஆனால் கொளுத்தச் சொன்னவர் யார் என்பது என் பிரதியில் இருக்கிறது. "இதை அவன் சொன்னானா?" என்று கேட்டார். சொன்னார் என்றேன். பொய்யில்லை. அந்த வார்த்தைகள் அவர் வாயிலிருந்துதான் வந்தன.

ஷ்யாமளா ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். தலைவலி என்றேன்.

3-3-1965, புதன்

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. ஷ்யாமளாவுக்கு என் கையெழுத்தைப் பார்த்தாலே அலுப்பு. அப்படியிருந்தும் பதினாலாம் தேதி இதில் பொய் எழுதியிருக்கிறேன். யாருக்காக? எந்த அதிகாரி இதை வாங்கிப் பார்க்கப்போகிறார்?

நடந்தது இது. தண்ணீர்க்குழாய்க்கு வந்ததும் நம்பிராஜன் பேச்சை நிறுத்தினார். திடீரென்று குரல் மாறியது. கனத்த குரல், தமிழும் ஹிந்தியும் கலந்து, மூக்கால் பேசுகிற குரல். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் தலையைத் தூக்கிவிட்டேன். ஒருபோதும் செய்யாததைச் செய்தேன். அவர் சோடா பாட்டிலைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அது டெலிபோன். மேலிடத்து ஆசாமி ஒருவர் கீழே இருக்கிறவனுக்குத் தாராவிக் குடிசைகளைப் பற்றிப் போனில் உத்தரவு போடுகிறார். வயிற்றைத் தள்ளி, கண்ணை மூடி, "கொளுத்து. ஒண்ணு விடாம கொளுத்து. பயம் வந்தாத்தான் பேச்சு நிக்கும்" என்றார். அந்த மூன்று வாக்கியத்தை மட்டும் குனிந்து எழுதிவிட்டேன், கை பழக்கத்தில் ஓடியது. மறுபடி தலை நிமிர்ந்துவிட்டது. பிறகு அவர் எதிர்முனையில் யாரோ கேட்பதைக் கேட்பதுபோல் பாட்டிலைக் காதில் அழுத்திக்கொண்டு, "என்னது, குழாயா?" என்றார். அதற்கப்புறம் ஒன்று சொன்னார். கூட்டமே ஆடியது. நானும் சிரித்தேன். புன்னகை இல்லை. வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

என்ன சொன்னார் என்று எழுதவில்லை.

குனிந்தபோது அவர் சொந்தக் குரலுக்கு வந்து ஆறாவது மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் பிரதி எடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மூன்று புள்ளி வைத்திருக்க வேண்டும். வைக்க மனசு வரவில்லை. ஒரு சொல் விடாதவன் என்றுதானே என்னைக் கூப்பிட்டார்கள்? இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்துவிட்டேன். தையல் தெரியவே இல்லை. குரல் மாறியது என்றும் எழுதவில்லை. சொன்னதை மட்டும் எழுது என்றுதானே உத்தரவு.

அவர் யாரைக் கேலி செய்தாரோ அந்த ஆசாமியின் வார்த்தைகள் இப்போது அவருடைய வார்த்தைகளாகிவிட்டன. என் கையெழுத்தோடு.

14-3-1965, ஞாயிறு

காலையில் ஒரு பெண்பிள்ளை வந்து மாடிப்படி வளைவில் நின்றாள். உள்ளே வரவில்லை. நம்பிராஜன் சம்சாரம், பேராச்சி என்றாள். என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாள்? தாராவிக்கு எழுத வந்த மாதுங்கா ஐயர் வீடு எது என்று கேட்டு வந்தாளாம், காய்கறிக்காரன் கூட்டிவந்து விட்டானாம். இவ்வளவுதான் என் ரகசிய உத்தியோகம்.

ஷ்யாமளா காபி போட்டாள். வெள்ளி டம்ளரில் ஊற்றுவதா, கண்ணாடி கிளாஸிலா என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கண்ணாடி கிளாஸில் எனக்கும் ஊற்றிக் கொண்டுவந்தாள். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, நன்றியும் வந்தது.

பேராச்சி அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதிலாவது எதையும் விடாமல்.

"நீங்க எழுதினது தப்புன்னு சொல்ல வரலய்யா. நல்ல எழுத்துக்காரர்னு அவுகளே ஜெயில்ல சொன்னாவ. ஆனா நீங்க சிரிச்சிய. நான் முன்னாடி இருந்தேன், பாத்தேன். அது மட்டும் ஏன் எழுத்துல இல்லன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று அவளிடமே கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் சொன்னாள்: குழாய் இருந்தா நாம கொளுத்துததை அவனுவ அணைச்சுப்புடுவானுவளே.

அவள் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. ஷ்யாமளா காலி கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

15-3-1965, திங்கள்

ரயிலில் பஞ்சுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரைப் பிரிக்காமலே கேட்டான். அதிசயம். பிறகு சொன்னான்: "அவன் பேசினான், நீர் எழுதினீர். நடுவில் உமக்கு என்ன ஓய் வேலை? உம்மையும் என்னையும் மேடையில் வைத்து வைகிறவனுக்காக உத்தியோகத்தை விடப்போகிறீரா?"

வைதார்தான். 'ஜீ' என்று சொன்னது இன்னும் குத்துகிறது. அவருடைய கட்சி எனக்குப் பிடிக்காது. அவர்கள் ஜெயித்தால் என் போன்றவனுக்கு எந்த மூலை மிஞ்சும் என்று சில நாள் யோசித்ததுண்டு. ஆனால் பிடிக்காத ஆள் என்பதற்காக அவர் சொல்லாததைச் சொன்னதாக இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? பிடித்த ஆளாக இருந்தால் இந்தக் கேள்வியே வராதே. அப்போது ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் வேடிக்கைக்கு இல்லாமல் நிஜமாகவே கொளுத்து என்று சொல்லியிருந்தால்? அப்போது உள்ளே வைத்தது சரியா? கடை எரிந்தது நிஜம். அந்தக் கடைக்காரனும் யாரோ ஒருவன். இதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

14-4-1965, புதன்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. ஷ்யாமளா ஹிந்தியில் முதல் வகுப்பு. அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

9-5-1965, ஞாயிறு

தாராவிக்குப் போனேன். வேலையாக இல்லை, நானாக. வழக்கில் சொல்ல வேண்டி வந்தால் விட்டுப்போன அந்த வரியைச் சரியாகச் சொல்ல வேண்டுமே.

அன்று கூட்டம் நடத்திய மன்றத்தின் செயலாளர் இசக்கிப்பாண்டி தையற்கடை வைத்திருக்கிறார். அவர் மெஷினை நிறுத்தாமல் சொன்னார்: தண்ணி குடுத்தா தீ எப்பிடிப் பிடிக்கும்னு கேட்டார். பேராச்சி சொன்னது வேறு. மேஜைக்குச் சோடா கொண்டுவந்து வைத்தவரோ, குழாய் முதலில் வந்தது, கொளுத்து என்றது அப்புறம்தான் என்று சத்தியம் செய்தார். முந்நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். முந்நூறு பேரும் சிரித்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லவில்லை.

இப்போது என் காதில் மூன்று விதமும் அவர் குரலிலேயே கேட்கின்றன. நிஜமாகக் கேட்டது எது? எழுதிவைத்திருந்தால் தெரியும். எழுத வேண்டியவன் நான்.

கிளம்பும்போது இசக்கிப்பாண்டி, "ஐயா எங்களுக்காகப் பேசப்போறியளா, சர்க்காருக்காகப் பேசப்போறியளா?" என்று கேட்டார். எனக்குப் பேசியே பழக்கமில்லை, எழுதித்தான் பழக்கம் என்றேன்.

20-6-1965, ஞாயிறு

சம்மன் வந்துவிட்டது. சர்க்கார் தரப்பு இரண்டாம் சாட்சி.

நேற்று கானோல்கர் தேநீர் வாங்கிக்கொடுத்தார். மிரட்டவில்லை. அவர் மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிரதியில் இருப்பது உண்மையா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை என்றார். அவர் பிள்ளைக்கு டைபாய்டாம், அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நல்ல மனிதர். இதில் கெட்டவன் யார் என்று தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை. ஒருவேளை நான்தானோ என்னவோ.

ஷ்யாமளாவிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டையைத் தைத்த கதையையும். அவள், "ஏன்னா, சிரிச்சதுக்கு வேலையை விட்டு எடுப்பாளா?" என்று கேட்டாள். எடுக்க மாட்டார்கள், பொய் சர்ட்டிபிகேட் கொடுத்ததற்கு எடுப்பார்கள் என்றேன். அவள் அரிசி களைய எழுந்து போனாள். திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு காபிக்கு சர்க்கரை போறலைன்னுகூடச் சொல்லலை. நான் போட மறந்துட்டேன். அன்னிக்கு நீங்களும் சொல்லலை" என்றாள். அதோடு சரி.

6-7-1965, செவ்வாய்

கோர்ட். மழை. செருப்பு நனைந்து ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டது.

நம்பிராஜனை ஐந்து மாதம் கழித்துப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூண்டிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அன்று மேடையில் கும்பிட்ட மாதிரியேதான். கிண்டலா மரியாதையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம், ஆமாம், ஆமாம். வார்த்தைகள் எதிரி சொன்னவைதானா? ஆமாம். கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

எதிர்த் தரப்பு வக்கீல் ஜெயினுலாப்தீன் எழுந்தார். வயசானவர், ராவுத்தர், தமிழ் தெரிந்தவர். நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நாற்பத்திரண்டு நிமிஷத்தில் எப்போதாவது எழுதுவதை நிறுத்தினீர்களா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். கானோல்கர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேராச்சி பின்னால் சுவரோரம். நான் இருவரையும் பார்க்கவில்லை. முன்னால் இருந்த மர விளிம்பில் யாரோ நகத்தால் பெயர் கீறியிருந்ததைப் பார்த்தேன்.

நிறுத்தினேன் என்றேன்.

ஏன் என்றார். சிரித்தேன் என்றேன். எத்தனை விநாடி? ஆறு இருக்கும். அந்த வேகத்தில் எத்தனை சொல்? பதினைந்து. அந்தப் பதினைந்து சொல் என்ன?

தெரியாது என்றேன். எனக்கு அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பதிமூன்று வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. பேராச்சியின் வரியைச் சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள். ஆனால் அதை நான் கேட்டேனா, அவள் சொல்லித் தெரிந்துகொண்டேனா என்று எனக்கே நிச்சயமில்லாதபோது சத்தியம் பண்ணி எப்படிச் சொல்வது? ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய்யா?

சர்க்கார் வக்கீல் குதித்து எழுந்தார். வார்த்தை தெரியாதவருக்கு அது வேடிக்கை என்று மட்டும் எப்படித் தெரியும்? மாஜிஸ்திரேட்டும் அதையே கேட்டார். அவர் பார்ஸிக்காரர், கடுகடுப்பானவர். அந்த மூன்று வாக்கியத்தில் சிரிக்க என்ன இருக்கிறது, காட்டுங்கள் என்றார்.

பாட்டிலைக் காதில் வைத்திருந்தார் என்றேன். எப்படி என்றார். குமாஸ்தா மேஜையிலிருந்து மசிப்புட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். அரசாங்க ஊழியனான நான், பம்பாய்க் கோர்ட்டில், மூடிய மசிப்புட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, இங்கிலீஷில், கொளுத்து, ஒன்று விடாமல் கொளுத்து என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மேலிடத்து அதிகாரி, கீழே இருக்கிறவன், டெலிபோன் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். மாஜிஸ்திரேட் குனிந்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்.

சிரித்தது ஒரே ஒருவர். கூண்டில் நின்றவர். நான் பண்ணிய லட்சணத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும்.

7-7-1965, புதன்

லீவு. காய்ச்சல். பஞ்சு வந்தான், உட்காராமல் போய்விட்டான்.

30-7-1965, வெள்ளி

விடுதலை. பதிவு முழுமையானதல்ல, சொன்னவர் எந்தக் கருத்தில் சொன்னார் என்பது சந்தேகம், சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. அதே தீர்ப்பில் என்னைப் பற்றியும் இரண்டு வரி: பொறுப்புள்ள ஊழியருக்குத் தகாத நடத்தை.

சந்தோஷமாக இருக்கிறது. இல்லை, இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் உண்மையைச் சொல்லி விடுதலை வாங்கினேனா, எனக்குத் தெரியாது என்று சொன்னதால் வாங்கினேனா?

கானோல்கரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். நாற்காலியைக்கூடக் காட்டினார். பிறகு அலுப்போடு சொன்னார்: "மூன்று புள்ளி வைத்திருக்கலாமே, வேங்கடசுப்ரமணியன். அங்கே என்ன என்று அன்றைக்கே கேட்டிருப்பேன். அந்த ஆள் வீட்டில் இருந்திருப்பான்."

ஐந்து மாதம். மூன்று புள்ளி.

16-8-1965, திங்கள்

ரிகார்டு ரூமுக்கு மாற்றல். வேலை போகவில்லை. இனி நான் யார் பேச்சையும் எழுத வேண்டியதில்லை. பழைய ஃபைல்களுக்கு நம்பர் போட வேண்டும். மேலே விசிறி இல்லை. ஷ்யாமளா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

12-9-1965, ஞாயிறு

எல்லையில் யுத்தம். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. ரயிலில் எவனும் அரசியல் பேசுவதில்லை. பஞ்சுகூட. விளக்கை மறைக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாயை யாரும் மூடச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் மூடிக்கொண்டிருக்கிறோம்.

21-11-1965, ஞாயிறு

பேராச்சி ஆளனுப்பியிருந்தாள். விடுதலைக்கப்புறம் அவர் பேசுகிற முதல் கூட்டம், ஐயா கட்டாயம் வர வேண்டும் என்று. ஷ்யாமளாவையும் கூப்பிட்டேன், வரவில்லை என்றுவிட்டாள். ஒரு டப்பாவில் தட்டை வைத்துக் கொடுத்து, "பேராச்சிகிட்ட குடுங்கோ" என்றாள்.

கூட்டம் பிப்ரவரியைவிடப் பெரிது. நான் ஜனங்களோடு நின்றேன். மேடைக்குக் கீழே மேஜையில் வேறொருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்தவராம். விரல் பென்சிலைப் பிடித்திருந்த விதத்திலேயே நல்ல கை என்று தெரிந்தது.

நம்பிராஜனுக்குக் குரல் திரும்பிவிட்டது. வந்தவர்களுக்கு வணக்கம், எழுதுகிற ஐயாவுக்கு வணக்கம். தண்ணீர்க்குழாய் இன்னும் வரவில்லை, மனு ஒன்பதாகியிருக்கிறது. ஜனங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மனுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த இடம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. முன்னாலிருந்தவர்கள் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

அவர் பேச்சை நிறுத்தினார். மேஜைப் பக்கம் திரும்பினார்.

"இனி நான் பேசப்போறது என் பேச்சில்ல. ஒரு ஆபீசர் பேசுதாப்புல நடிச்சுக் காட்டப்போறேன். வேடிக்கைக்குத்தான். எழுதுத ஐயா, அதையும் குறிச்சுக்கிடுங்க."

அவர் காத்திருந்தார். எழுதுகிறவர் எழுதி முடித்துத் தலையை ஆட்டினார். பிறகுதான் குரலை மாற்றினார். அதே கனம், அதே மூக்கு. நன்றாகத்தான் செய்தார். ஒன்றும் குறையில்லை. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை மட்டும் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து அம்மா முகத்தைப் பார்த்தது.

"நடிப்பு முடிஞ்சது. இனிமே என் பேச்சு" என்றார்.

எல்லாம் முடிந்தபின் கும்பலை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். லேத் பிடித்துக் காய்த்த கை. நான் இல்லாவிட்டால் இன்று இங்கே நின்றிருக்க முடியாது என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பேராச்சி தட்டை டப்பாவை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்பிராஜன் குரலைத் தாழ்த்தி, "இப்ப வெவரமாப் பேசப் படிச்சுக்கிட்டேன், பாத்தியளா? இனி எவனும் நம்மளை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. நான் ரொம்ப நன்றாக இருந்தது என்றேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஷ்யாமளா பேச்சு எப்படி என்று கேட்டாள். தெளிவாக இருந்தது என்றேன்.

முப்பத்தொரு நிமிஷம் பேசினார். நோட்டு இல்லை, பென்சில் இல்லை. ஆனாலும் இப்போது உட்கார்ந்தால் முழுவதையும் எழுதிவிடுவேன். ஒரு சொல் விட்டுப்போகவில்லை.